அதிவேக ரயில் பாதையும் விவசாயியின் நிலமும்

புதிய ரயில் பாதை வருகிறதென்றால் பட்டணத்தார் பிரயாண நேரத்தைக் கணக்கிடுவர். கிராமத்தார் தம் நிலத்தை நினைப்பர். இரண்டும் நியாயமே. மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே திட்டமிடப்பட்ட அதிவேக ரயில் பாதையின் வரலாற்றில் இவ்விரு கணக்குகளும் எதிரெதிராக நின்றன. அவ்வரலாறு நம் சங்க அங்கத்தினர்கள் ஊன்றி அறியத்தக்கது.

இப்பாதையின் நீளம் 508 கிலோமீட்டர். அதில் குஜராத்தில் 348, மகாராஷ்டிரத்தில் 156, தாத்ரா நகர் ஹவேலியில் 4 கிலோமீட்டர் அமைகின்றன. நிலையங்கள் 12. ஜவுளித் தொழிலில் சிறந்த சூரத்தும், பால் கூட்டுறவுக்குப் புகழ்பெற்ற ஆனந்தும் இவற்றுள் அடங்கும். வேகம் மணிக்கு 320 கிலோமீட்டர். 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஜப்பானிய ரயிலே இதற்கு முன்மாதிரி. 2017 செப்டம்பர் 14 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. தொடக்க மதிப்பீடு ஏறத்தாழ 1,08,000 கோடி ரூபாய். அதில் 81 சதவீதத்தை நூற்றுக்கு 0.1 வட்டியில், 50 ஆண்டுகளில் தீர்க்கும் கடனாகத் தர ஜப்பான் இசைந்தது.

நம் நாட்டின் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். இப்பாதையோ 1,435 மில்லிமீட்டர். ஆகவே இந்த ரயில் பழைய தண்டவாளத்தில் ஓட இயலாது. தனிப் பாதையே வேண்டும். அதற்கு ஏறத்தாழ 1,390 ஹெக்டேர் நிலம் தேவைப்பட்டது. பெரும்பகுதியைத் தூண்களின்மேல் உயரப் பாலமாக அமைத்ததால் நிலத்தேவை குறைந்தது. ஆயினும் பால்கர் பகுதியின் சப்போட்டாத் தோட்டக்காரர்களும், தென் குஜராத்தின் மாந்தோப்புக்காரர்களும் எதிர்த்து நின்றனர். பல்லாண்டு வளர்த்த மரத்தை ஒரே நாளில் வெட்டக் கொடுப்பது எளிதன்று.

பாதை ஒரு மாநிலத்துக்குள் அடங்காததால் வழக்கும் எழுந்தது. பல மாநிலங்களைக் கடக்கும் பணிக்கு நிலம் எடுக்கும் அதிகாரம் மத்திய அரசினுடையதா, மாநில அரசினுடையதா என்று 2018-இல் குஜராத் விவசாயிகள் உயர் நீதிமன்றத்தில் கேட்டனர். 2019 செப்டம்பரில் அவர்கள் மனுக்கள் தள்ளுபடியாயின. எனினும் நிலம் முழுவதும் கைக்கு வந்துவிட்டதென அறிவிக்க 2024 ஜனவரி ஆயிற்று. 2022-இல் ரயில் ஓடும் என்று முதலில் சொல்லப்பட்டதை இங்கே நினைவுகூரலாம். நிலச்சொந்தக்காரரின் இசைவைக் கடைசியில் தேடும் திட்டம் தன் காலத்தையே இழக்கிறது.

அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, அரசு வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களின் சராசரி முதலியவற்றுள் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பாகும். கிராமப்புறத்தில் அதை ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை பெருக்கலாம்; மரம், கிணறு ஆகியவற்றின் மதிப்பும் சேரும்; அத்தொகைக்குச் சமமான ஆறுதல் தொகையும் உண்டு. முத்திரைக் கட்டணத்துக்கு அஞ்சிக் கிரயத் தொகையைக் குறைத்து எழுதும் வழக்கம், ஒருவருக்குச் சிறு இலாபமாகத் தோன்றினும், நாளை ஊரார் அனைவரின் நஷ்டஈட்டையும் குறைத்துவிடும்.

ஆகவே பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றி வைத்தல், வாரிசுப் பாகங்களைத் தீர்த்துக் கொள்ளுதல், மரங்களையும் கிணறுகளையும் கணக்கெழுதி வைத்தல், பத்திரத்தில் மெய்யான விலையையே எழுதுதல் ஆகியவற்றை ஒவ்வொரு அங்கத்தினரும் இப்போதே செய்துகொள்ள வேண்டும். 1946-இல் கைரா ஜில்லாப் பால் உற்பத்தியாளர்கள் தனித்தனியே விலை பேசுவதை விட்டு ஒன்றுகூடினர். ஆனந்தின் பெருமை அதிலிருந்தே பிறந்தது. பாலுக்குப் பொருந்திய அந்நெறி நிலத்துக்கும் பொருந்தும். தனியொருவர் கேட்பது மனுவாக நிற்கும். சங்கமாகக் கேட்பதற்கு அதிகாரிகள் பதில் சொல்லியே தீரவேண்டும்.