ஒரு நூலும் பல பொருளும்: இணைய நெறிமுறைகளின் ஒத்தியக்கத் தேர்வு பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நிறுவனம் செய்த கணினியும் பிறிதொரு நிறுவனம் செய்த கணினியும் தம்முள் செய்தி பரிமாறிக் கொள்ள வேண்டுமாயின், இரண்டற்கும் பொதுவான விதித்தொகுதி ஒன்று வேண்டும். அதனை நெறிமுறை என்பர். நெறிமுறை எழுத்து வடிவில் ஒரு நூலாக அமைவது. அந்நூலைப் பயின்று அதன்வழி நிரல் எழுதுவோர் பலர், அவருட் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறியாதவர், வணிகத்தில் போட்டியாளர். இவர்கள் அனைவரும் ஒரு நூலில் ஒரே பொருள் காண்பரோ என்னும் வினா, உரைவேற்றுமைகளோடு பழகிய நமக்குப் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் எனப் பலர் உரை கண்டனர். நூற்பா ஒன்றாயிருக்கவும் பொருள் பலவாயின; அதனாற் கல்வி வளர்ந்ததேயன்றிக் குன்றவில்லை. கணினியிலோ உரை வேறுபடின் செய்தி சென்று சேராது. இவ்விடர்ப்பாட்டை அத்துறையினர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதனை, இணையத்தின் அடிப்படை நெறிமுறையாகிய டி.சி.பி.யைத் தலைமைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இந்நெறிமுறைகள் வெளிவரும் ஏடுகளுக்கு ஆர்.எஃப்.சி. என்பது பெயர், 'கருத்து வேண்டுகோள்' என்று பொருள்படும். முதலாவது ஏட்டை 1969 ஏப்ரல் 7ஆம் நாள் ஸ்டீவ் கிராக்கர் வெளியிட்டார். அப்பொழுது அவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பட்ட மேற்படிப்பு மாணவர். ஆணையிடும் தோற்றம் வந்துவிடலாகாது என்னும் அச்சத்தினாலேயே இப்பணிவான பெயரைத் தேர்ந்தனர். இப்பெயர் வெறும் அவையடக்கமாக நின்றுவிடவில்லை என்பது பின்னர் விளங்கும். டி.சி.பி.யின் விதிநூல் 793ஆம் ஏடாக, ஜான் போஸ்டல் பதிப்பில், 1981 செப்டம்பரில் வெளிவந்தது. 1983 சனவரி முதல் நாள் ஆர்ப்பாநெட் என்னும் ஆராய்ச்சி வலையமைப்பு முழுவதும் அதற்கு மாறியது.

விதிநூல் முடிவுபெறாத தொடக்க நாளில், ஒரு நிரல் சரியானதா என்று அறிய ஒரே வழிதான் இருந்தது. பிறர் எழுதிய நிரலோடு அதனைப் பேசவிட்டுப் பார்ப்பர். பிழை நேர்ந்தவழி, 'எம் நிரலே நூலொடு பொருந்தியது' என்று வாதிடுவர். அனைவரும் ஒருங்கு கூடிச் செய்த இத்தகைய தேர்வுகளுக்குப் 'பேக் ஆஃப்' என்று, சமையற் போட்டியின் பெயரையே வைத்தனர். 1987 செப்டம்பரில் போஸ்டல் வெளியிட்ட 1025ஆம் ஏடு அதன் நடைமுறையைக் கூறுகின்றது. குத்துச்சண்டையிற்போல எடைப்பிரிவுகள் உண்டு. தன்னோடு தானே பேசினால் ஒரு புள்ளி. பிறரோடு பேசினால் இரண்டு. எதிர்நிரலை முறையான அடியால் வீழ்த்தினால் முப்பது. முறையற்ற அடியால் வீழ்த்தினால் இருபது. மிகச் சிறந்த சாக்குப்போக்கிற்கும் பத்துப் புள்ளி வைத்திருந்தனர்! நகைச்சுவையை நீக்கி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். நூலறிந்தார் அனுப்பும் செய்தியைத் தாங்குதல் எளிது. தாறுமாறாக வருவதையும் தாங்கி நிற்பதே நிரலுக்கு வலிமை. அவ்வேடு கூறும் மற்றொரு செய்தி நம் கருத்திற்கு இன்னும் இன்றியமையாதது. அக்காலத் தேர்வுகளின் முடிவில் நிரல் திருத்தப்பெறுதற்கு எவ்வளவு வாய்ப்பு இருந்ததோ, நூலே திருத்தப்பெறுதற்கும் அவ்வளவு வாய்ப்பு இருந்தது. அரங்கேற்றத்தில் நூலாசிரியன் அவையோர் தடைக்கு விடை கூறித் தன் நூலை நிலைநாட்டுவான். இங்கோ தடை வலிதாயின் நூல் விட்டுக்கொடுத்தது.

எனினும் தேர்வுகள் எல்லாப் பிழையையும் கண்டுவிடவில்லை. நூலிலேயே முரண் இருந்த இடம் ஒன்றைச் சற்று விரிவாக நோக்குவோம். டி.சி.பி. தான் அனுப்பும் செய்தியைப் பைட் என்னும் சிறு கூறுகளாகக் கொண்டு வரிசை எண் இடும். தொலைவிலுள்ள கணினியில் ஓடும் நிரலை உடனே நிறுத்துக என்பது போன்ற விரைவுச் செய்தி இடையே வருமாயின், அது முடியும் இடத்தை ஒரு சுட்டெண்ணால் அறிவிக்கும். விரைவுச் செய்தி நூறாவது பைட்டோடு முடிகின்றது என்று கொள்வோம். சுட்டெண் காட்டவேண்டுவது நூறா, நூற்றொன்றா? 793ஆம் ஏடு ஓரிடத்தில், விரைவுச் செய்தியை அடுத்து வரும் பைட்டைச் சுட்டும் என்கின்றது, அதன்படி நூற்றொன்று. அதே ஏடு, செய்தி அனுப்பும் முறையைக் கூறும் பிறிதோரிடத்தில், இறுதிப் பைட்டையே சுட்டுமாறு கணக்கிடுகின்றது, அதன்படி நூறு. ஏடெழுதுவோரால் நேர்ந்த பாடவேறுபாடு அன்று இது. ஆசிரியர் கூற்றிலேயே அமைந்த மாறுகொளக் கூறல் என்னும் குற்றம்.

பெர்க்கிலியில் எழுதப்பெற்ற நிரல் முதற்பொருளைக் கொண்டது. பல நிறுவனங்கள் அந்நிரலைத் தழுவியே தம் நிரலை அமைத்தமையால் அப்பொருளே எங்கும் பரவியது. 1989 அக்டோபரில், ராபர்ட் பிரேடன் பதிப்பித்த 1122ஆம் ஏடு இம்முரணை எடுத்துக்காட்டி, முதற்கூற்று பிழை, இறுதிப் பைட்டைச் சுட்டுதலே சரி என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகவே இருந்தது. ஆயினும் நிரல்கள் மாறவில்லை. முதலில் மாறுபவன் ஏனையோர் அனைவரோடும் முரணுவான் அல்லனோ? லினக்ஸ் இயக்குதளம் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள ஒரு விசை வைத்தது. எவரும் அதனைத் தொடாதவழி அது பழைய வழக்கையே பின்பற்றும். இருபத்தோராண்டு கடந்தபின், 2011 சனவரியில், 6093ஆம் ஏடு தீர்ப்பை மாற்றி வழக்கினையே விதியாக்கிற்று. புதிய நிரல்கள் இவ்வமைப்பைப் பயன்படுத்தாதிருத்தல் நன்று என்றும் அறிவுறுத்திற்று. 2022 ஆகஸ்டில் டி.சி.பி. விதிகள் அனைத்தையும் திரட்டி வெளிவந்த 9293ஆம் ஏட்டிலும் இம்முடிபே நிலைபெற்றது. வழக்கினை நோக்கி இலக்கணம் அமைதல் உயிருள்ள மொழிக்கே உரியது என்று கருதியிருந்தோம். பொறிகளின் மொழியும் அதற்கு விலக்கன்று என்று இதனாற் பெறப்படும்.

நூலோடு பொருந்துதல் வேறு; ஒன்றோடொன்று பொருந்துதல் வேறு. ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே நூலோடு ஒப்பிட்டுச் சான்றளிக்கும் முறையை, பன்னாட்டுத் தர நிறுவனத்தின் ஓ.எஸ்.ஐ. நெறிமுறைகளைப் போற்றியோர் பெரிதும் வளர்த்தனர். நூலின் இருபொருட்படும் இடத்தில் இரு கருவிகள் வெவ்வேறு பொருள் கொண்டு, இரண்டும் சான்று பெற்று, தம்முள் பேசமாட்டாமல் நிற்றல் கூடும். 1986இல் முதன்முதல் இருபத்தொருவர் கூடித் தொடங்கிய இணையப் பொறியியற் பணிக்குழு மற்றொரு வழியை மேற்கொண்டது. வாக்கெடுப்பினும் ஏறத்தாழ எய்திய உடன்பாட்டையும், ஓடிக் காட்டிய நிரலையும் நம்புக என்பது 1992இல் டேவிட் கிளார்க் எடுத்துரைத்த கொள்கை. 1996இன் 2026ஆம் ஏட்டின்படி, ஒரு விதிநூல் அடுத்த படிக்கு உயர வேண்டுமாயின், வெவ்வேறு மூலத்தில் தோன்றிய இரு நிரல்களேனும் தம்முள் ஒத்து இயங்கிக் காட்டவேண்டும். 2011இல் படிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தபோதும் இந்நிபந்தனை நீங்கவில்லை. தொடர்பற்ற இருவர் நூலை மட்டும் கொண்டு ஒரே முடிபிற்கு வருதலே நூலின் தெளிவுக்குச் சான்று என்பது இதன் கருத்து. உரைநெறியில் இத்துணைக் கடுமையான தேர்வை நாம் எந்நூலுக்கும் வைத்ததில்லை.

இருவர் போதுமோ என்று வினவலாம். பத்து நிறுவனங்கள் இருப்பின் இணைகள் நாற்பத்தைந்து. இருபதாயின் நூற்றுத் தொண்ணூறு. எல்லா இணைகளையும் தனித்தனியே தேர்தல் அரிது. டான் லிஞ்ச் என்பார் 1988 முதல் நடத்திய 'இன்டெராப்' காட்சிகளில் கருவிகளை வெறுமனே அடுக்கிவைக்க இடமில்லை. அரங்கின் பொது வலையமைப்பில் அவை இணைந்து இயங்கவேண்டும். அங்கே 1990இல் ஜான் ராம்கி ரொட்டி வாட்டும் அடுப்பு ஒன்றை வலையமைப்பில் இணைத்துக் காட்டினார் என்பது வேடிக்கையான செய்தி. ரொட்டியை மட்டும் கையால் வைக்க வேண்டியிருந்தது.

போஸ்டல் வகுத்த ஒரு நெறி ஈண்டு ஆராயத்தக்கது. அனுப்புவதில் கண்டிப்பும், பெறுவதில் தாராளமும் கொள்க என்பது அதன் சாரம். தொடக்கத்தில் இணையம் தழைக்க இது உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயின் பெறுவோன் பொறுத்துக்கொள்ளும்வரை அனுப்புவோன் தன் பிழையை அறியான். அறியாப் பிழை பரவும். பரவியபின் பிறரும் அதனைப் பொறுத்தேயாக வேண்டும். 2023இல் வெளிவந்த 9413ஆம் ஏடு இக்குறையை விரித்துரைத்து, நெறிமுறையை இடைவிடாது பேணித் திருத்துதலே தக்கது என்கின்றது. நம் கருத்தும் அதுவே.

பயிலாத விதி மறக்கப்படும் என்பதற்கும் சான்று உண்டு. மறையாக்க நெறிமுறையாகிய டி.எல்.எஸ். 1.3 பதிப்பு 2018இல் வெளிவந்தபோது, முதற்செய்தியின் பதிப்பெண் கட்டத்தில் பழைய 1.2இன் எண்ணையே இட்டு, உண்மைப் பதிப்பை வேறோரிடத்தில் கூற வேண்டியதாயிற்று. அறியாத பதிப்பெண்ணைக் கண்டால் தமக்குத் தெரிந்த பதிப்பிற்கு இறங்கிப் பேசுக என்னும் விதி இருந்தும், பல கருவிகள் தொடர்பையே அறுத்தன. இதற்கு மாற்றாக 2020இன் 8701ஆம் ஏடு, பொருளற்ற எண்களை வேண்டுமென்றே அவ்வப்போது கலந்து அனுப்பும் முறையை வகுத்தது. அறியாததைக் கண்டு வெருளும் கருவி அதனால் முன்னரே வெளிப்படும்.

இறுதியாக, மொழி பற்றிய ஒரு சிக்கல். 1997இல் ஸ்காட் பிராட்னர் எழுதிய 2119ஆம் ஏடு ஆங்கிலத்தின் 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' என்னும் சொற்களுக்கு வரையறை தந்தது. முதலாவது விலக்கில்லா விதி. இரண்டாவது, விளைவை முற்ற ஆராய்ந்து தக்க காரணம் இருப்பின் மட்டும் விலகத்தக்கது. மூன்றாவது விருப்பம், ஆயினும் அதனை மேற்கொள்ளாதவன், மேற்கொண்டவனோடு ஒத்தியங்கக் கடமைப்பட்டவன். நம் புணரியலில் உறழ்ச்சி விதி இதனை ஒக்கும். கல்குறிது என்பான் கற்குறிது என்பதையும் உணர்தல் வேண்டும். 2017இல் 8174ஆம் ஏடு, இச்சொற்கள் பெரிய எழுத்தில் வரும்போது மட்டுமே இப்பொருள் தரும் என்று வரையறுத்தது. தமிழெழுத்தில் பெரிய எழுத்தென்னும் வேறுபாடு இல்லை. 'செய்ய வேண்டும்' என்பது கட்டாயத்திற்கும் அறிவுரைக்கும் பொது. 'செய்க' என்னும் வியங்கோளோ விதித்தலோடு வேண்டல், வாழ்த்தல் முதலியவற்றிற்கும் உரியது. தமிழில் நெறிமுறை நூல் எழுதப் புகுவோர், இம்மூன்று நிலைகளுக்கும் ஒன்றோடொன்று மயங்காத முடிபுகளை நூலின் முதற்பக்கத்திலேயே வரையறுத்துக்கொள்ள நேரும்.