பத்தாண்டில் காலியாகும் நாற்காலி

2024 மார்ச் 31 அன்று இந்தியாவின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் மூத்த சுயேச்சை இயக்குநர்கள் ஒரே நாளில் விடைபெற்றார்கள். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் போட்டுவைத்த கெடு அன்றோடு முடிந்தது, அவ்வளவுதான்.

சட்டத்தின் கணக்கு இது: சுயேச்சை இயக்குநருக்கு ஒரு தவணை அதிகபட்சம் 5 ஆண்டு. பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றினால் இன்னொரு 5 ஆண்டு. அதற்குப் பிறகு மறுபடியும் வர வேண்டுமானால், 3 ஆண்டு அந்த நிறுவனத்தோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாமல் விலகியிருக்க வேண்டும். இந்த விதி 2014 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன்பு இயக்குநர் குழுவில் கழித்த காலம் கணக்கில் சேராது என்றும் சட்டமே சலுகை கொடுத்தது. இருபது ஆண்டுகளாக அமர்ந்திருந்தவருக்கும் புதிதாகப் பத்தாண்டு கிடைத்தது. எல்லோருடைய கடிகாரமும் ஒரே நாளில் ஓடத் தொடங்கியதால் ஒரே நாளில் நின்றது.

யார் இந்தச் சுயேச்சை இயக்குநர்? நிறுவனத்தைத் தொடங்கி அதைத் தன் பிடியில் வைத்திருப்பவரைப் புரொமோட்டர் என்கிறோம். அவருக்கு உறவினராக இருக்கக் கூடாது. முந்தைய 3 நிதியாண்டுகளில் அங்கே ஊழியராக இருந்திருக்கக் கூடாது. நிறுவனத்தோடு பெரிய கொடுக்கல் வாங்கலும் கூடாது. பங்குச்சந்தைப் பட்டியலில் உள்ள நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும். தலைவர் புரொமோட்டராகவோ அவரைச் சேர்ந்தவராகவோ இருந்தால் பாதிப்பேர். நிர்வாகத்தில் கை வைக்க முடியாத பொதுப் பங்குதாரர்களுக்காகக் கேள்வி கேட்கத்தான் இந்த ஏற்பாடு.

பத்தாண்டு வரம்பு சரியானது என்றே நினைக்கிறேன். ஒரே மேசையில், ஒரே முகங்களோடு இருபது ஆண்டு உட்கார்ந்தால் நட்பு வளரும். அது மனித இயல்பு. நட்பு வளர்ந்த இடத்தில் கூர்மையான கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஆனால் அந்த நாற்காலியோடு நினைவும் வெளியேறுகிறது. ஒரு துணை நிறுவனத்துக்குக் கடன் கொடுக்க இன்று ஒரு முன்மொழிவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஏழு வருஷம் முன்பு இதே காரணம் சொல்லித்தானே பணம் வாங்கினீர்கள், அது திரும்பி வந்ததா?” என்று கேட்கப் பழைய ஆள் ஒருவர் வேண்டும். புதியவர் கோப்புகளைப் படிப்பார். கோப்பில் எழுதாமல் விட்டது எது என்பது அவருக்குத் தெரியாது. தணிக்கைக் குழுவின் தலைவரும் உறுப்பினர்களும் சேர்ந்தாற்போல் போய்விட்டால், அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கு நிர்வாகம் சொல்வதுதான் நிறுவனத்தின் வரலாறு. இதற்கு மருந்து எளியது. நியமனத் தேதிகளை ஆண்டுக்கு ஒருவர், இருவர் என்று முன்கூட்டியே தள்ளித்தள்ளி வைக்கலாம். பத்தாண்டு அவகாசம் இருந்தும் கடைசி மாதங்களில் ஆள் தேடிய நிறுவனங்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

காலத்தை அளப்பது சுலபம். யார் நியமித்தார்கள் என்பதுதான் கடினமான கேள்வி. 2008 டிசம்பர் 16 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடியது. ஹார்வர்டு பேராசிரியர், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலர், பெயர்பெற்ற மேலாண்மைக் கல்லூரியின் தலைவர் எனக் குழுவில் இருந்தவர்களின் தகுதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சத்யத்தின் நிறுவனரும் தலைவருமான ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடைய மேடாஸ் நிறுவனங்கள் இரண்டைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கும் திட்டத்துக்கு அந்தக் குழு ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததால் சில மணி நேரத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. தடுத்தது வெளியே இருந்த சந்தை, உள்ளே இருந்த குழு அல்ல. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, கணக்குகளில் தான் செய்த மோசடியை ராஜுவே ஒப்புக்கொண்டார்.

எதிர்த்து நிற்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு 2016 ஒரு சாட்சி. டாடா குழுமத்தின் தலைமை நிறுவனமான டாடா சன்ஸ் தன் தலைவர் சைரஸ் மிஸ்திரியை நீக்கிய விவகாரத்தில் அதற்கு எதிர்ப்பக்கம் நின்ற சுயேச்சை இயக்குநர் நுஸ்லி வாடியா, பல பத்தாண்டுகளாக டாடா நிறுவனங்களின் குழுக்களில் இருந்தவர். டாடா சன்ஸ் கேட்டுக் கூட்டிய கூட்டங்களில், அந்த டிசம்பரில், டாடா ஸ்டீல், டாடா மோட்டார்ஸ், டாடா கெமிக்கல்ஸ் ஆகிய மூன்றிலிருந்தும் அவர் நீக்கப்பட்டார். அவர் செய்தது சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. சாதாரணப் பெரும்பான்மையே அவரை நீக்கப் போதுமாக இருந்தது என்பதுதான் கவலைக்குரியது.

2022 ஜனவரி 1 முதல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இந்த விதியை இறுக்கியது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் சுயேச்சை இயக்குநரை நியமிக்கவும் நீக்கவும் சிறப்புத் தீர்மானம் தேவை என்றது. அதாவது எதிர்த்து விழும் வாக்குகளைப்போல் மூன்று மடங்கு ஆதரவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புரொமோட்டர் 75 சதவீதம் வரை பங்கு வைத்திருக்கலாம். மீதி 25 சதவீதத்தைக் கையில் வைத்திருக்கும் பொதுப் பங்குதாரர்கள் ஒருவர் விடாமல் எதிர்த்து வாக்களித்தாலும் 75 என்பது 25இன் மூன்று மடங்கு, தீர்மானம் நிறைவேறிவிடும். பொதுப் பங்குதாரர்களின் வாக்கைத் தனியாகவும் எண்ண வேண்டும் என்ற யோசனையை 2021இல் செபியே முன்வைத்து, பிறகு கைவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நியமனத்தின்போது ஒரு முறையாவது, யாருக்காக அவர் உட்காரப்போகிறாரோ அவர்களுடைய சம்மதம் தனியாகத் தெரியட்டும்.

உங்களிடம் பத்துப் பங்கு இருந்தாலும் மின்னணு வாக்குப்பதிவுக்கான அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். பெரும்பாலோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சுயேச்சை இயக்குநர் நியமனம் என்றிருந்தால் பின்னிணைப்பைப் புரட்டுங்கள்: அவர் வேறு எந்தக் குழுக்களில் இருக்கிறார், அதே குழுமத்தின் வேறு நிறுவனத்திலிருந்து வருகிறாரா என்று பாருங்கள். மறுநியமனம் என்றால் முதல் தவணையில் எத்தனை கூட்டங்களுக்கு வந்தார் என்பதை ஆண்டறிக்கையில் தேடுங்கள். வருகைக் கணக்கு அங்கே பெயர்வாரியாக அச்சிடப்பட்டிருக்கும்.