மணல் சாட்சி, மயில் சாட்சி, செருப்பும் சாட்சி! தெரியுமா?

திருச்செந்தூருக்குப் போனால் என்ன செய்வோம்? கடலில் ஒரு முழுக்கு, நாழிக்கிணற்றில் ஒரு குளியல், கூட்டத்தில் நசுங்கி முருகன் தரிசனம், திரும்பும்போது ஒரு பொட்டலம் சில்லுக்கருப்பட்டி. வண்டியில் ஏறும் முன் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிடுவோம். அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க! அந்த மணலை வைத்து ஒரு பாண்டிய ராஜாவின் ஆயுளை அளந்திருக்கிறார்கள், தெரியுமா?

புறநானூற்றின் 55ஆம் பாட்டு அது. பாடியவர் மதுரை மருதன் இளநாகனார். கேட்டவன் பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன். யானை, குதிரை, தேர், வீரர் என்று நாலு படையும் இருந்தாலும் அரசனின் வெற்றிக்கு வேர் அறம்தான் என்கிறார் புலவர். நம்ம ஆளு என்று செங்கோல் வளையக்கூடாது. வேற்றாள் என்பதற்காக அவனிடம் உள்ள நல்லதை அழிக்கக்கூடாது. இதையெல்லாம் ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வாழ்த்தே வருகிறது: செந்திலில் கடுங்காற்று குவித்து வைத்த மணலைவிட அதிக நாள் நீ வாழ்க!

வாழ்த்தை விடுங்கள், அந்த மணல்மேட்டில் வடு இருப்பதையும் புலவர் கவனித்திருக்கிறார்! விடியற்காலையில், ஆள் மிதிக்காத கரையாகப் பார்த்துக் குனிந்து பாருங்கள். விரல் விரலாக வரி ஓடியிருக்கும். நண்டு குறுக்கே நடந்த இடத்தில் மட்டும் வரி கலைந்திருக்கும். சமீப ஆண்டுகளில் கோயிலுக்கு முன்னாலேயே கடல் கரையை அரித்துக்கொண்டு போகிறது. நன்மாறன் இன்று இருந்தால் ஆயுள் கணக்கைப் பார்த்துக் கலங்கியிருப்பான்!

இதே ஊர் அகநானூற்றிலும் வருகிறது, தெரியுமா? 266ஆம் பாட்டு, பரணர் பாடியது. ஊரின் பெயர் அங்கே அலைவாய். கணவன் வேறொருத்தியோடு புதுவெள்ளத்தில் ஆடிவிட்டு வந்திருக்கிறான், ஊரே பேசுகிறது. ஊர்ப்பேச்சு என் கவலை இல்லை, அலைவாய் முருகன் முன்னால் நீ செய்த சத்தியம்தான் கவலை என்கிற பேச்சு அதில் வருகிறது. ஆள் மாட்டிக்கொண்டான்! அந்த நேரத்திலும் பரணருக்கு மயில் கண்ணில் படுகிறது. வயலில் உழவர் போடும் சத்தத்துக்கு மிரண்ட மயில்கள் பறந்து போய்க் கோயில் எல்லைக்குள் இறங்குகின்றன. பயந்த பறவைக்கு அடைக்கலம் தரும் அதே இடத்தில்தான் பொய்ச் சத்தியக்காரனுக்கு நடுக்கம். எதையும் விளக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார் மனிதர்.

மயில் என்றதும் சூரசம்ஹாரம் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஐப்பசி சஷ்டியன்று திருச்செந்தூர்க் கடற்கரை முழுவதும் நாடக மேடைதான். டிக்கெட் கிடையாது, திரை கிடையாது. யானைமுகம், சிங்கமுகம், சூரனின் சொந்த முகம் என்று தலை மாறி மாறி வரும். ஆனால் முடிவைப் பாருங்கள். மாமரமாக நின்றவனை வேல் பிளந்தது. ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். எதிரியைக் கொன்று முடிக்காமல் வாகனமாகவும் கொடியாகவும் வீட்டோடு வைத்துக்கொண்ட தண்டனை வேறெங்கே உண்டு?

முருகன் வேஷத்திலேயே மேடையில் உயிரை விட்ட நடிகர் ஒருவர் உண்டு, தெரியுமா? அங்கே போகும் முன் நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'வள்ளி திருமணம்' எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில். நம்ம வட்டாரத்து ஆள்! தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டுவாள் அல்லவா, அந்தக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டார் சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ். கிளியும் குருவியும் கிடக்கட்டும், வெள்ளைக் கொக்கை விரட்டு என்று பாடினார். எந்த வெள்ளை என்று கொட்டகைக்கும் தெரியும், கொட்டகை வாசலில் நின்ற போலீசுக்கும் தெரியும். நாடகம் பாதியில் நிற்கும், ஆள் சிறைக்குப் போவார், திரும்பி வந்து மறுபடி கொக்கு விரட்டுவார். முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் கூட நடிக்க மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். வெள்ளைக்காரனையும் எதிர்க்க வேண்டியிருந்தது, சக நடிகையின் முகச்சுளிப்பையும் தாங்க வேண்டியிருந்தது. 1940 டிசம்பர் 31, சென்னை. முருகன் வேஷம் கட்டி மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். உயிர் போனது மேடையில்.

கடலை விட்டு ஆற்றோடு மேலே போவோம். சிற்றாறு தாமிரபரணியில் சேரும் சீவலப்பேரிதான் 'முக்கூடற்பள்ளு' பாடும் முக்கூடல், தெரியுமா? அம்பாசமுத்திரம் பக்கத்து முக்கூடல் வேறு. சீவலப்பேரி என்றதும் சினிமாவில் வந்த பாண்டி நினைவுக்கு வருகிறவர்கள் இந்தப் பள்ளையும் புரட்ட வேண்டும். எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. பண்ணையில் உழும் குடும்பன் ஒருவன், அவனுக்கு முக்கூடல்காரி மூத்தவள், மருதூர்க்காரி இளையவள். ஒருத்தி பெருமாள் கட்சி, ஒருத்தி சிவன் கட்சி. சண்டை மூண்டால் ஒருத்தி சாமியை ஒருத்தி சந்திக்கு இழுக்கிறாள்! குடும்பனின் காலைத் தொழுமரத்தில் பூட்டும் பண்ணைக்காரனை, கேலிச்சித்திரம் தோற்கும்படி வரைந்திருக்கிறார் அந்தப் பெயரில்லாப் புலவர்.

இதில் என்னை அசத்துவது மழைக்குறிதான். மேற்கே மலையாளப் பக்கம் மின்னுகிறது, ஈழப் பக்கமும் மின்னுகிறது. கிணற்றுத் தவளை கத்துகிறது. வயல்நண்டு சேற்றை அள்ளித் தன் வளை வாயை அடைக்கிறது. வெள்ளம் வரப்போவது நண்டுக்குத் தெரிந்திருக்கிறது! வரப்பில் குந்தி நேரம் போக்கியவன்தான் இதை எழுத முடியும்.

திருநெல்வேலியில் 1990இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு நாடகக் கதாநாயகியும் இருக்கிறாள், தெரியுமா? மனோன்மணி! சுந்தரம் பிள்ளை எழுதி 1891இல் வந்த 'மனோன்மணீயம்' நாடகத்தின் பெண். அதன் வாழ்த்துப் பாடலின் ஒரு பகுதிதான் நாம் எழுந்து நிற்கும் தமிழ்த்தாய் வாழ்த்து. சரி, எழுந்து நின்றவர்களில் எத்தனை பேர் நாடகத்துக்குள் போயிருக்கிறோம்? மதுரையை விட்டுத் தலைநகரை நெல்லைக் கோட்டைக்கு மாற்ற வைக்கிறான் சூழ்ச்சிக்கார மந்திரி குடிலன். இந்த அரண்மனைப் பரபரப்புக்கு நடுவே நடராசன் என்ற பாத்திரம் ஒரு புல்லைப் பார்த்துச் சொக்கி நிற்கிறது. புல் தன் சின்னப் பூவை உயர்த்தி ஈக்குத் தேன் வைக்கிறது. மகரந்தத்தை ஈ சுமக்கிறது. விதை மாட்டின் மேல் தொற்றிக்கொண்டு ஊர் போகக் கொக்கியும் செய்து வைக்கிறது. 1891இல், தமிழ் நாடகத்தில், தாவரவியல்! கோட்டைக்குள் குடிலனின் திட்டம், கரையில் புல்லின் திட்டம். எனக்குப் புல்லின் திட்டம்தான் ஒசத்தி.

கடைசியாக, தாமிரபரணி மலையை விட்டு இறங்கும் பாபநாசம். அதற்கும் மேலே, புலிகள் காப்பகக் காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு! பொன்னும் பட்டும் இல்லை, தோல் செருப்பு.

வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடும் முத்துப்பட்டன்தான் இந்தப் பட்டவராயன். அந்தணனாகப் பிறந்தவன் காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைப் பார்க்கிறான். செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள். கட்டினால் இவர்களைத்தான் என்று குடுமியை அறுக்கிறான், பூணூலை அறுக்கிறான், தோலை எடுத்துச் செருப்புத் தைத்துக் காட்டுகிறான். மாட்டைக் கொள்ளையிட வந்தவர்களோடு மோதி மடிகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதைவிட ஆச்சரியம் பின்னால் நடந்தது. அந்தப் பெண்கள் உண்மையில் அந்தணர் வீட்டுப் பிள்ளைகள், பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமே என்று பாட்டில் ஒரு ஒட்டு வேலை! நாங்குநேரியில் பிறந்த ஆராய்ச்சியாளர் நா. வானமாமலை ஏடுகளை ஒப்பிட்டு, இது பிற்காலத்தில் செருகியது என்று எடுத்துக்காட்டினார். பிறப்பை மாற்றிவிட்டால் கலப்பு மணமே இல்லாமல் போய்விடும் அல்லவா, அந்தக் கணக்கு.

பாட்டில் கை வைத்தவர்கள் காணிக்கையில் கை வைக்கவில்லை. ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் வந்து இறங்குகிறார்கள். கொண்டுவந்த செருப்பைச் சன்னதியில் தொங்கவிடுகிறார்கள். அடுத்த ஆடிக்கு வந்து அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் தேய்ந்திருக்குமாம், பட்டவராயன் ராத்திரியில் போட்டுக்கொண்டு காடு சுற்றுகிறார் என்பது நம்பிக்கை. சில ஜோடிகளில் மண்ணும் ஒட்டியிருக்கும் என்கிறார்கள்.