படகில் இருப்போரும் கரையில் இருப்போரும்

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்து அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலாண்டு என்னும் கேளிக்கைப் பூங்காவை நமது நேயர்களிற் பலர் பெயரளவிலேனும் அறிவர். அங்கே 'ஜங்கிள் குரூஸ்' என்றொரு படகுச் சவாரி உண்டு. 1955ம் வருஷம் ஜூலை மாதம் 17ந் தேதி பூங்கா திறந்த அன்றே தொடங்கிய சவாரி அது. அதனைத் திருத்தியமைக்கப் போவதாக 2021ம் வருஷம் ஜனவரி மாதம் 25ந் தேதி கம்பெனியார் அறிவித்தனர். அவ்வருஷம் ஜூலை 16ந் தேதி அது புதிய உருவில் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குழந்தைகள் ஏறி மகிழும் ஒரு படகைப் பற்றி ராஜீய விவகாரங்களை ஆராயும் இப்பத்திரிகை எழுதுவானேன் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். படகைப் பற்றி மட்டுமாயின் நாமும் எழுதோம். அப்படகு செல்லும் ஆற்றங்கரையில் யார் எவ்விதம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தனர் என்பதே விஷயம்.

முதலில் சவாரியின் அமைப்பைச் சொல்லிவிடுவோம். ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களின் நதிகளையும் ஒரே வாய்க்காலில் அடக்கிச் சில நிமிஷங்களிற் காட்டிவிடுவது அதன் உத்தேசம். படகுகளுக்குக் காங்கோ, நைல், ஐராவதி, ஏன், நமது கங்கையின் பெயரைக்கூடச் சூட்டியிருக்கிறார்கள். படகோட்டி சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் படகைத் திருப்புவது அவரல்லர். நீருக்கடியில் ஒரு தண்டவாளம் இருக்கிறது. அது கண்ணிற் படாதிருக்கத் தண்ணீருக்குச் சாயம் கலந்து கலக்கலாக வைத்திருக்கிறார்கள். பூங்காவின் ஸ்தாபகரான வால்ட் டிஸ்னி உயிருள்ள மிருகங்களையே கரையில் விட விரும்பினார். பகலில் மிருகங்கள் உறங்கும், ஒளிந்துகொள்ளும், வருவோர் ஒன்றையும் காணாமல் திரும்புவர் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னபின், யந்திர மிருகங்களை நிறுத்தச் சம்மதித்தார். அந்நிலம் முன்பு ஆரஞ்சுத் தோட்டமாக இருந்தது. பிடுங்கிய ஆரஞ்சு மரங்களிற் சிலவற்றைத் தோட்ட நிபுணர் பில் எவான்ஸ் தலைகீழாக நட்டு, வேர்களை வெப்ப நாட்டு மரத்தின் கிளைகள் போல் தோன்றச் செய்தாராம். இவ்வித சாமர்த்தியங்களை நாம் குறை கூறவில்லை. நாடகக் கொட்டகையில் திரைச் சீலையே மலையாவதில்லையா?

இச்சவாரி 2021ல் தான் முதன்முதலாகத் திருத்தப்பட்டது என்று எண்ணுவது தவறு. முன்பே பார்த்தாயிற்று, மறுபடியும் எதற்கு என்று ஒரு தாய் தன் குழந்தையை அழைத்துச் சென்றதை டிஸ்னி தம் காதாலேயே கேட்டார் என்றும், அதன் பிறகே புதிய காட்சிகளைச் சேர்க்கலானார் என்றும் சொல்வார்கள். 1962ல் இந்திய யானைகள் நீராடும் மடு ஒன்று சேர்க்கப்பட்டது. 1964ல் வேறு காட்சிகள் வந்தன. ஆரம்பத்தில் பூகோள பாடம் போல் கம்பீரமாகப் பேசிவந்த படகோட்டிகள் நாளடைவில் விகடம் பேசத் தொடங்கினர். அருவிக்குப் பின்னால் படகு செல்லும்பொழுது, இதோ தண்ணீரின் பின்பக்கம் என்று பெரிய அதிசயத்தைக் காட்டுவதுபோல் அவர்கள் காட்டும் ஹாஸ்யம் உலகப் பிரசித்தி பெற்றது. நாமும் அதை ரசிக்கிறோம்.

மற்ற ஹாஸ்யங்களை அவ்விதம் ரசிக்க முடியவில்லை. 1964ல் வந்த காட்சிகளுள் ஒன்று இது: காண்டாமிருகம் துரத்த, ஒரு கூட்டத்தார் கம்பத்தில் ஏறித் தொத்திக்கொண்டிருந்தனர். உச்சியில் வெள்ளைக்காரப் பிரயாணி. அவருக்குக் கீழே, கொம்புக்கு அருகில், மூட்டை சுமந்து வந்த கறுப்பு மனிதர்கள். வேறிடத்தில் ஈட்டியேந்திய காட்டு மனிதர்கள் படகைத் தாக்க எழுந்தனர். பிரயாணத்தின் முடிவில் 'டிரேடர் ஸாம்' என்பவன் உலர்ந்து சுருங்கிய மனிதத் தலைகளைக் கையிற் பிடித்து நின்றான். தன்னிடமுள்ள இரண்டு தலைக்கு உங்கள் தலை ஒன்றைக் கேட்கிறான் என்று படகோட்டி சொல்லப் படகு முழுதும் சிரிக்கும். இந்த வியாபாரியோ அந்த ஈட்டிக்காரர்களோ எந்த நாட்டார், என்ன பாஷை பேசுவோர், எதைப் பயிரிட்டு உண்போர் என்று ஒருவரும் கேட்டதில்லை. எதிர்வாதிக்கு நோட்டீஸே சார்வு செய்யாமல் வழங்கப்பட்ட எக்ஸ்பார்ட்டித் தீர்ப்பு அது.

வருஷங்களைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். பூங்கா திறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், 1955 ஏப்ரலில், இந்தோனேஷியாவில் பாண்டுங் நகரில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் 29ன் பிரதிநிதிகள் கூடித் தங்கள் விவகாரங்களைத் தாங்களே பேசினர். 1960ல் ஆப்பிரிக்காவில் மட்டும் 17 நாடுகள் சுதந்தரம் அடைந்தன. காங்கோ அவற்றுள் ஒன்று. அக்காங்கோவை 1885 முதல் 1908 வரை பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபால்டு தம் சொந்த ஜமீன் போல் வைத்திருந்தபோது, ரப்பருக்காக ஏழை ஜனங்களின் கைகள் வெட்டப்பட்டதை உலகம் அறியும். வெட்டியவன் வெள்ளை அரசரின் சேவகன், வெட்டுண்டவன் காட்டுவாசி. ஆனால் அனஹைம் நகரத்து ஆற்றங்கரையில், வெட்டிய தலையுடன் நின்றவன் காட்டுவாசி. அஞ்சி நகைத்தவர் படகிலிருந்த நாகரிகர். சரித்திரத்தைத் தலைகீழாக நடுவதை ஆரஞ்சு மரத்தைத் தலைகீழாக நடுவதோடு ஒப்பிட முடியுமா? புதிய நாடுகளின் கொடிகள் ஒவ்வொன்றாக ஐக்கிய நாடுகள் சபையின் வாயிலில் ஏறிக்கொண்டிருந்த காலமெல்லாம் அக்கம்பமும் காண்டாமிருகமும் அப்படியே இருந்தன.

2021ல் நடந்த திருத்தம் யாது? கம்பத்தில் இப்பொழுது தொத்திக்கொண்டிருப்போர் பல தேசங்களிலிருந்தும் வந்த பிரயாணிகள். அவர்களுடைய படகோட்டியும் அதே கம்பத்தில் இருக்கிறார். அவர்கள் ஏறிவந்த படகு உடைந்து கிடக்க, சிம்பன்ஸிக் குரங்குகள் அதனைக் கைப்பற்றிக் கூத்தடிக்கின்றன. தலை வியாபாரி மறைந்தான். அவன் பெயரில் ஒரு கடை மட்டும் இருக்கிறது. பிரயாணிகள் தவறவிட்ட சாமான்கள் அங்கே விற்கப்படுகின்றன. சுருங்கச் சொன்னால், பரிகாசம் கரையிலிருந்து படகுக்கு மாறிற்று. தெரியாத காட்டுக்குள் துணிந்து புகுந்து விழித்து நிற்பவனே இப்பொழுது நகைப்புக்கு இடமாகிறான். இது நல்ல திருத்தம். ஹாஸ்யமும் இதனாற் குறையவில்லை.

சிறு பிராயம் முதல் பார்த்துப் பழகிய காட்சியை அழிக்கலாமா, டிஸ்னியே ஒப்பிய அமைப்பில் கைவைக்கலாமா என்று சிலர் ஆக்ஷேபித்தனர். பழமையிடம் அவர்களுக்குள்ள பற்றை நாம் இகழவில்லை. ஆனால் டிஸ்னி தம் வாழ்நாளிலேயே இச்சவாரியை இடைவிடாது மாற்றிவந்தார் என்பதை அவர்கள் மறந்தனர். ஒரு தாய்க்குச் சலிப்புத் தட்டியது என்று யானைகளைக் கொணரலாமாயின், ஒரு ஜாதியாருக்கு மனம் நோகிறது என்று ஈட்டிக்காரர்களை அகற்றலாகாதா? அப்பூங்காவார் காசு கொடுத்து வருவோரை வாடிக்கைக்காரர் என்று அழைப்பதில்லை, விருந்தினர் என்றே அழைக்கின்றனர். நமது பாஷையில் விருந்து என்னும் சொல்லுக்கே புதுமை என்று பொருளுண்டு. முன்பின் அறியாது வந்தவனே விருந்தினன். ஒரு கறுப்புத் தந்தை தன் மகனை மடியில் வைத்துக்கொண்டு அப்படகில் ஏறி, கரையில் நிற்பவன் யார் அப்பா என்று அவன் கேட்க விடையிறுக்க முடியாமல் இருந்திருப்பானாயின், அவனும் விருந்தினனே அன்றோ?

கம்பெனியார் தர்மத்துக்காகவே இதைச் செய்தார்களென்று நாம் ஏமாறவில்லை. 2020 மே மாதத்தில் ஜார்ஜ் பிளாயிடு என்னும் கறுப்பர் போலீஸார் கையில் மாண்டபின் அமெரிக்கா முழுதும் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகே இவ்வறிவிப்பு வந்தது. இச்சவாரியின் பெயரிலேயே எடுத்த சினிமாப் படம் ஒன்றும் 2021 ஜூலை 30ந் தேதி வெளியாக இருந்தது. வியாபாரிக்கு லாபத்தில் கண், இருக்கட்டும். ஜனங்களின் அபிப்பிராயம் லாபத்தையும் நியாயத்தையும் ஒரே வழியில் நடக்கச் செய்யுமானால் அதற்காக வருந்துவார் யார்?

நமது குறை வேறு. பரிகாசத்துக்குரியவராக நின்ற மனிதர்களை அகற்றினார்கள். மதிப்புக்குரியவராக ஒருவரையும் அவ்விடத்தில் நிறுத்தவில்லை. இன்று அக்கரையில் யானை உண்டு, சிங்கம் உண்டு, பாழடைந்த கோயில் உண்டு, குரங்கும் உண்டு. ஊர் இல்லை, வயல் இல்லை, வலை வீசும் செம்படவன் இல்லை. காங்கோவிலும் மீகாங்கிலும் ஐராவதியிலும் கோடிக்கணக்கான ஜனங்கள் மீன் பிடித்தும் நெல் விளைத்தும் சந்தை கூட்டியும் வாழ்ந்துவருகின்றனர். ஆளில்லாக் காடு என்று படத்தில் வரைந்துவிட்டுப் பிறகு அதனைச் சொந்தம் கொண்டாடுவது ஏகாதிபத்தியத்தின் பழைய தந்திரம் என்பதை இப்பத்திரிகையின் நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இது அவர்களால் முடியாத காரியமும் அன்று. ஹாங்காங்கில் 2005ல் அதே கம்பெனியார் அமைத்த நதிப் பிரயாணத்தில் காண்டனீஸ், மாண்டரின், ஆங்கிலம் ஆகிய மூன்று பாஷைகளுக்கும் தனித்தனி வரிசை வைத்திருக்கிறார்கள். படகேறுவோர் தம் பாஷையிலேயே சிரிக்கலாம். புளோரிடாவில் அவர்கள் 1998ல் திறந்த மிருகப் பூங்காவில் 'ஹராம்பே' என்னும் கற்பனை நகரம் ஒன்றுண்டு. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை ஊரின் சாயலில் கட்டிய அந்நகரில், கட்டடங்களின் மேல் 'உஹுரு 1961' என்று பொறித்திருக்கிறார்கள். உஹுரு என்றால் சுவாஹிலி பாஷையில் சுதந்தரம். வேடிக்கைக்கென்று கட்டிய ஊர்தான். ஆயினும் அதற்கும் அந்நியர் ஆட்சி நீங்கிய வருஷம் ஒன்று இருக்கிறது. ஜங்கிள் குரூஸ் படகு செல்லும் கரையில் அப்படிப்பட்ட ஊர் ஒன்றைக் கட்ட இடமும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. அடுத்த திருத்தம் எப்பொழுது என்பதைக் கம்பெனியார் சொல்ல வேண்டும்.