திருமண சமத்துவமும் தமிழ்நாட்டுச் சட்டமும்

திருமண சமத்துவம் என்பது, மணம் புரியும் இருவரின் பாலினம் எதுவாக இருந்தாலும் அத்திருமணத்தைச் சட்டம் ஒரே வகையில் ஏற்க வேண்டும் என்னும் கோரிக்கை. இந்தியாவில் இக்கோரிக்கை 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதிலும், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுத முடியாது என்பதிலும் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போயினர். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆனால், தமிழ்நாட்டில் ஒரு திருமண முறை நீதிமன்றத்தில் தோற்று, பிறகு சட்டமாகவே ஆன வரலாறு உண்டு.

சுயமரியாதைத் திருமணம்

புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களின் இறுதியில் தொடங்கின. 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் திருமணம் என்பர். இவை இந்துச் சட்டத்தின்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. அப்படி மணந்தவர்களின் பிள்ளைகளது வாரிசுரிமையே கேள்விக்குள்ளானது. ஆனாலும் திருமணங்கள் நிற்கவில்லை. செல்லாது என்று தெரிந்தே மணந்தார்கள். அழைப்பிதழ் அடித்து, ஊரைக் கூட்டி, மேடை போட்டு மணந்தார்கள்.

1967 தேர்தலில் வென்று முதலமைச்சரான அண்ணா, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்க்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர், பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொன்னாலே போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் சரி. இதைவிட முக்கியமானது, சில விலக்குகள் நீங்கலாக, முன்பு நடந்த திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அது கூறியது. 1953 தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 14 ஆண்டுகள்.

2023 ஆகஸ்டில் இதே 7-அ பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் விரிந்த பொருள் தந்தது. ஊரறிய நடத்தினால்தான் திருமணம் என்பதில்லை, வழக்கறிஞர் அறையிலும் மணக்கலாம் என்றது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி எஸ். ரவீந்திர பட்தான், இரண்டே மாதங்களில் திருமண சமத்துவ வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பையும் எழுதினார்!

இரண்டையும் அப்படியே ஒப்பிட்டுவிட முடியாது. சுயமரியாதைத் திருமணத்துக்குப் பின்னால் ஒரு பேரியக்கம் இருந்தது, பிறகு ஓர் ஆளுங்கட்சியே வந்தது. இன்று ஆட்சியைப் பிடிக்கும் வலுவுள்ள எந்தக் கட்சியும் இதை முதன்மைக் கோரிக்கையாக எடுக்கவில்லை. எனினும் வழி அடைபடவில்லை. திருமணம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 5-ஆவது இனம். ஆகவே, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலச் சட்டமன்றமும் திருத்தம் செய்யலாம். 1967-இல் நடந்ததும் அதுதான்.

மதுரையிலிருந்து வந்த தீர்ப்பு

திண்டுக்கல் மாவட்டத்தின் வத்தலக்குண்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. 2019 ஏப்ரலில் அக்கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். தூத்துக்குடியில் கோயிலில் மணந்த ஓர் ஆணும் திருநங்கையும், தம் திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்ததால் தொடுத்த வழக்கு அது. வத்தலக்குண்டில் ஒரு திருநங்கையும் ஓர் ஆணும் இன்று மணக்க விரும்பினால் அவர்களுக்கும் இது பொருந்தும். 2023 தீர்ப்பு இதைப் பறிக்கவில்லை. ஆண்-பெண் இணையாக மணக்கும் திருநர்களின் உரிமையை ஐந்து நீதிபதிகளும் ஏற்றனர். தோல்விச் செய்தியின் இரைச்சலில் இது பலர் காதில் விழவில்லை.

ஒரே பாலின இணையருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் 2023 நவம்பரிலேயே நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இத்தகையோர் தமக்குள் குடும்ப உறவு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முறையை அரசு பரிசீலிக்கலாம் என்றார். 2025 மே மாதம், பெற்றோர் அடைத்து வைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்த அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றது. ஒரே வீட்டில் வாழும் இணையரை ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதலாம், கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்று மத்திய அரசும் 2024-இல் அறிவுறுத்தியது.

வாக்கெடுப்பில் தோற்றவர்கள்

மக்களே வாக்களித்து மறுத்த இடங்களும் உண்டு. 2018 நவம்பரில் தைவான் வாக்காளர்கள் பெருவாரியாக எதிர்த்தனர். ஆனால் முந்தைய ஆண்டே அரசமைப்பு நீதிமன்றம் கெடு விதித்திருந்ததால், 2019 மே மாதம் சட்டம் வந்தது. ஸ்லோவேனியாவில் 2015-இல் வாக்கெடுப்பு தோற்றது, 2022-இல் நிறைவேறியது.

இப்போது செய்யக்கூடியவை

காத்திருக்கும் காலத்தில் இணையர் செய்துகொள்ள வேண்டிய முதல் வேலை உயில். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்து பிறந்த குடும்பத்துக்கே போகும். எத்தனை ஆண்டு கூடவே வாழ்ந்திருந்தாலும் இணையருக்குப் பங்கில்லை. வங்கியில் 'நாமினி'யாகப் பெயர் கொடுப்பது மட்டும் போதாது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், அதனாலேயே வாரிசாகிவிட மாட்டார். உயிலை வெறும் தாளில் எழுதி, எழுதுபவரும் இரு சாட்சிகளும் கையெழுத்திட்டாலே செல்லும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை. ஆனால் உறவினர் எதிர்ப்பு இருக்கும் இடத்தில் பதிந்துவிடுவது நல்லது. திருமணத்தைப் பதிய மறுக்கும் அதே அலுவலகம், இந்த உயிலைப் பதிந்து தரும்.