காசு கொடுத்து வாங்கிய கிண்டில் புத்தகம் உங்களுடையதா? அமேசான் செய்த மாற்றம் என்ன?

புத்தகக் கடையில் ஒரு நாவலை வாங்கினால் அது உங்களுடையது. நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம். அதே நாவலை கிண்டிலில் வாங்கினால் கிடைப்பது புத்தகம் அல்ல, அதைப் படிப்பதற்கான உரிமம் மட்டுமே. இது புது விதி இல்லை. படிக்காமலே எல்லோரும் 'ஓகே' கொடுத்துவிட்டுப் போகும் நிபந்தனைகளில் பல வருடங்களாக இருப்பதுதான். 2025 பிப்ரவரியில் வந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் பலருக்கும் இது உறைத்தது.

என்ன மாற்றம்?

கிண்டில் கருவி வைத்திருப்பவர்கள், வாங்கிய மின்நூலை அமேசான் தளத்திலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கி, யுஎஸ்பி கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்ற முடிந்தது. வைஃபை இல்லாத இடத்தில் இது கை கொடுத்தது. அதைவிட முக்கியம், கம்ப்யூட்டரில் ஒரு பிரதி தங்கியது. 2025 பிப்ரவரி 26 முதல் அந்த வசதி நிறுத்தப்பட்டது. அதன் பிறகு பெரும்பாலான புத்தகங்கள் வைஃபை மூலமாக நேராகக் கருவிக்கோ செயலிக்கோதான் வருகின்றன.

சிலர் பயந்த மாதிரி கேபிளே வேலை செய்யாமல் போகவில்லை. உங்களிடம் வேறு வழியில் கிடைத்த மின்நூலை இப்போதும் கேபிளில் ஏற்றலாம். 'சென்ட் டு கிண்டில்' வழியாக இபப் கோப்புகளையும் அனுப்பலாம். அமேசானிடம் வாங்கிய புத்தகத்தின் பிரதியைத் தனியாக எடுத்து வைப்பதுதான் சிக்கல்.

பிரதி இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்?

2009 ஜூலையில் நடந்ததைப் பார்த்தால் புரியும். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'அனிமல் ஃபார்ம்' நாவல்களை விற்ற ஒரு பதிப்பாளருக்கு அதற்கான உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டிலில் இருந்தே அவற்றை அமேசான் அழித்தது. பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால் படித்துக்கொண்டே எழுதிய குறிப்புகள் பயனில்லாமல் போனதாக ஒரு மாணவர் வழக்கே போட்டார். ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அரசே ஆவணங்களை அழித்துத் திருத்துவதைச் சொல்லும் நாவலுக்கே இந்த கதி என்பதுதான் வேடிக்கை.

2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையையே மூடியது. வாங்கிய புத்தகங்கள் மொத்தமாக மறைந்தன. அங்கேயும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகத்தைக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் இதற்கென ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. உரிமம்தான் விற்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல், டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. வாசகரின் உரிமை கூடவில்லை, என்ன வாங்குகிறோம் என்பதாவது தெரிகிறது.

தமிழ் வாசகருக்கு இதில் என்ன?

கொஞ்சம் அதிகமாகவே இருக்கு. அமேசானின் கேடிபி மூலம் பதிப்பகம் இல்லாமல் நேரடியாக நாவல் வெளியிடும் தமிழ் எழுத்தாளர்கள் நிறைய. இதில் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால், 90 நாட்களுக்கு அந்த மின்நூலை வேறு எங்கும் தரக் கூடாது. விருப்பப்பட்டால் நீட்டித்துக்கொண்டே போகலாம். அச்சிலும் வராத நாவல் என்றால், அது இருக்கிற ஒரே இடம் அமேசான் சர்வர்தான். கடை மூடினாலோ கணக்கு முடக்கப்பட்டாலோ நூலகத்தில்கூடத் தேட முடியாது.

மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் போன்ற தளங்களில் கிடைக்கும் நூல்களுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. பூட்டு இல்லாத கோப்பு. இறக்கி எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அமேசானிலும் ஒரு பூட்டு இருக்கிறது, அதன் பெயர் டிஆர்எம். அதைப் போடுவதா வேண்டாமா என்பதை கேடிபியில் எழுத்தாளரே தேர்வு செய்யலாம். பிடித்த எழுத்தாளரிடம் வாசகர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

வாங்கிய புத்தகங்களைக் கருவியில் இறக்கி வைத்திருங்கள். அடிக்கோடிட்ட வரிகளும் குறிப்புகளும் கிண்டிலுக்குள் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற கோப்பில் சேர்கின்றன. கேபிளைச் செருகி அதை மட்டும் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை.