எஞ்சின் பழையதே இருக்கட்டும், கியர் பாக்ஸை மாற்றுங்கள்!

பழைய டட்சனுக்கு மறுவாழ்வு கொடுக்க நினைப்போர் காசை எங்கே போட வேண்டும்?

சுங்கைப் பட்டாணி, பீடோங், குருண் என்று ஊர் ஊராகத் தொட்டுப் போகும் பழைய கூட்டரசுச் சாலையில் டட்சன் 120ஒய்க்கு ஒரு குறையும் இல்லை. எழுபதில் சொகுசாகப் போகும். அதே காரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏற்றி 110 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் போடும் கூச்சலில் பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது காதில் விழாது.

காரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்த ரகம் ஜப்பானில் அறிமுகமானது 1973-ல். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரைக்குமான நெடுஞ்சாலை முழுமை பெற்றது 1994-ல். நான்கே கியர் கொண்ட கார், நாலாவது கியரில் 110-ஐத் தொடும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றை ஒட்டிச் சுழலும். மணிக்கணக்கில் இப்படி ஓட்டினால் எந்த எஞ்சினும் களைத்துப் போகும்.

ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொன்னால் முதலில் கிடைக்கும் யோசனை, "ஹாஃப் கட் வாங்கிப் போட்டுடலாம்" என்பதுதான். ஜப்பானில் கழித்துக்கட்டிய காரைப் பாதியாக வெட்டி, எஞ்சின், கியர் பாக்ஸ், வயரிங்கோடு முன்பகுதியை அப்படியே இறக்குமதி செய்வது நம் நாட்டில் பல காலமாக நடக்கும் வியாபாரம். இல்லாவிட்டால் டட்சனைத் தயாரித்த நிஸ்ஸானின் வேனில் வந்த 1,488 சிசி ஏ15 எஞ்சினைத் தேடிப் பிடிப்பார்கள். சக்தி கூடும், உண்மை. ஆனால் அந்தச் சக்தியைப் பிடித்து நிறுத்த பிரேக் போதுமா, ரேடியேட்டர் தாங்குமா என்ற கேள்விகள் பின்னாலேயே வரிசை கட்டும். ஒன்றை மாற்றப் போய் ஐந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு வழி தெரிகிறது. ஐந்தாவது கியரின் விகிதம் 0.85 அளவில் இருந்தால், அதே 110-ல் எஞ்சின் சுமார் 3,400 சுற்றோடு நின்றுவிடும். கூச்சல் தணியும், தேய்மானம் குறையும். நெடுஞ்சாலையில் இந்தக் காருக்கு முதல் தேவை ஐந்தாவது கியர்.

பெட்டி மாற்றும் வேலை

120ஒய்யின் ஏ12 உள்ளிட்ட ஏ வரிசை எஞ்சின்களுக்கென்றே நிஸ்ஸான் செய்த ஐந்து கியர் பெட்டி கிடைத்தால் பாதி தலைவலி தீர்ந்தது. பெல் ஹவுசிங் துளைகள் எஞ்சினோடு பொருந்தும். ஆனாலும் வாங்கும் முன் அளக்க வேண்டியவை உண்டு. கிளட்ச் பிளேட்டின் பல்லும் பெட்டியின் உள் தண்டின் பல்லும் ஒத்துப்போக வேண்டும். பெட்டி நீளமாக இருந்தால் பின்பக்கத் தாங்கியை நகர்த்தி, புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சுருக்கி, மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். கியர் கம்பி வெளிவரும் இடம் மாறினால் தரைத் தகட்டையும் வெட்ட வேண்டிவரும். ஸ்பீடோமீட்டர் பல்சக்கரத்தை மறந்தால் முள் பொய் சொல்லும்.

ஆட்டோ கியர் காரை மேனுவலாக மாற்றுவோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளட்ச் பெடல், ஃபிளைவீல் எல்லாம் நினைவில் இருக்கும். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் உட்காரும் சின்னஞ்சிறு பைலட் புஷ் மட்டும் மறந்துபோகும். அது இல்லாமல் பெட்டியை ஏற்றினால், உள் தண்டின் முனைக்குத் தாங்கலே இருக்காது. பேரிங் சீக்கிரமே முனகத் தொடங்கும்.

எஞ்சினைப் பிரிக்கும் முன்

பெட்டியை இறக்கும்போதே எஞ்சினையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். முதலில் கம்ப்ரஷன் பாருங்கள். ஒரு சிலிண்டரில் குறைந்தால், பிளக் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கவும். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கோளாறு. ஹெட்டை மட்டும் கழற்றினாலே வேலை முடியலாம்.

முழுதாகப் பிரித்தால், சிலிண்டரின் மேல் விளிம்பை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் ஒரு படியில் தட்டினால் தேய்மானம் அதிகம், போரிங் கேஜால் அளந்தாக வேண்டும். ஏ12-ன் போர் 73 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வழக்கம். பிஸ்டன் கைக்கு வராமல் பிளாக்கை மெஷின் ஷாப்பில் கொடுக்காதீர்கள். வந்த பிஸ்டனை அளந்துதான் போர் வெட்ட வேண்டும். மெயின் பேரிங் மூடிகளையும் கனெக்டிங் ராடு மூடிகளையும் எண் போட்டு வையுங்கள். இடம் மாற்றிப் போட்டால் கிராங்க் சுழலாமல் இறுகிவிடக்கூடும். கடைசியில், எஞ்சின் சூடாக இருக்கும்போது வால்வு இடைவெளியை 0.35 மில்லிமீட்டரில் வைக்க வேண்டும்.

அம்பாசடர் சொல்லும் பாடம்

இந்தியாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே இதே நெருக்கடியைச் சந்தித்தது. பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த எஞ்சினும் நான்கு கியரும் கொண்ட அம்பாசடர் காருக்கு, 1990-களின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்தியது. உடம்பு பழையதாகவே இருந்தது. கார் 2014 வரை உற்பத்தியில் நீடித்தது. ஒரு தொழிற்சாலைக்கு எஞ்சினையும் சேர்த்து மாற்றக் கட்டுப்படியாகும். ஒரே ஒரு கார் வைத்திருக்கும் நமக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு நல்ல கை வேண்டும். கூலிமில் இனோக்கோமும் குருணில் மோடனாஸும் புதிய வாகனங்களைப் பூட்டித் தரும் மாநிலம் கெடா. ஆனால் தோட்டப்புறத்தில் டிராக்டரும் லாரியும் பழுது பார்த்துத் தொழில் பழகிய ஃபோர்மேன்களின் கைப்பழக்கம் அந்தத் தொழிற்சாலைகளில் கிடைக்காது. வயதான ஃபோர்மேன் ஒருவரைத் தெரிந்தால் இப்போதே காரைக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. எஞ்சின் எண் கெரானில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், பதிவானது. எஞ்சினை மாற்றினால் வாங்கிய ரசீதோடு வாகனச் சோதனைக்குப் போய், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவைத் திருத்த வேண்டும். எண் பொருந்தாத காரை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நல்ல விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். சொந்த எஞ்சினைச் சீர்செய்து வைத்துக்கொண்டால் இந்த அலைச்சலே இல்லை. ஆகவே காசு இருந்தால் முதலில் கியர் பாக்ஸுக்கு, அடுத்து மெஷின் ஷாப்புக்குச் செலவிடுங்கள். மிச்சமிருந்தால் பெயிண்ட் அடிக்கலாம்.